ரோலண்ட் ஜிஆர்-55 கிட்டார் சிந்த்: அந்த 86 கேசட் சத்தம் வந்துச்சா?

எங்க அண்ணன்கிட்ட ஜூடாஸ் ப்ரீஸ்ட்ங்கற மெட்டல் பேண்டோட டர்போ கேசட் இருந்துச்சு, 1986ல வந்தது. முதல் பாட்டு ஆரம்பிக்கும்போதே ஏதோ பெரிய எஞ்சின் ஐடில்ல நின்னு துடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நான் கீபோர்டுன்னு சொன்னேன், அவன் போடா அது கிட்டார்னான், ரெண்டு பேரும் கேசட்ட ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி டேப்பே தேஞ்சு போச்சு. அதே வருஷம் அயர்ன் மெய்டன் பேண்டும் சம்வேர் இன் டைம் ஆல்பத்துல கிட்டார் சிந்த் (கிட்டார வாசிச்சா சிந்தசைசர் சத்தம் வர வைக்கிற பெட்டி) எடுத்துட்டாங்க. இதெல்லாம் ஒரு மெட்டலான்னு நானும்தான் அப்ப பேசினேன், இப்ப என் காலுக்கடியிலயே அந்த மாதிரி ஒரு பெட்டி கிடக்கு.

ஜிஆர்-55 வந்தது 2011ல, நான் செகண்ட் ஹேண்ட்ல எடுத்து ஒரு வருஷம் ஆகுது. இத சும்மா கிட்டார்ல சொருகி வாசிக்க முடியாது, முதல்ல ஜிகே-3 மாதிரி ஒரு பிக்அப்ப (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்தறது) பிரிட்ஜ் பக்கத்துல, அதாவது ஸ்ட்ரிங் பாடில போய் உக்கார்ற இடத்துகிட்ட ஒட்டணும், அது ஆறு ஸ்ட்ரிங்கையும் தனித்தனியா கேட்டு 13 பின் கேபிள்ல அனுப்பும். இங்கதான் நான் ரெண்டு வாரம் வீணாக்கினேன். கடைசி ஃப்ரெட்ட அழுத்தினா ஸ்ட்ரிங்குக்கும் பிக்அப்புக்கும் நடுவுல 1 மில்லிமீட்டர்தான் இருக்கணும், நான் கண்ணளவுல ஒட்டிட்டு நாலாவது ஸ்ட்ரிங் ஏன் பேயடிச்ச மாதிரி கத்துதுன்னு பெட்டிய திட்டிட்டு இருந்தேன். அப்புறம் எக்ஸ்பைரி ஆன பேங்க் கார்ட் ஒண்ண நடுவுல விட்டு அளந்தேன், கார்டு முக்கால் மில்லி சொச்சம் வரும், அது கொஞ்சம் லூசா போய்ட்டு வந்தா சரி. அதுக்கப்புறம் மெனுல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் சென்சிட்டிவிட்டி வைக்கணும், அத செஞ்சதும் பாதி பிரச்சனை காணாம போச்சு. தப்பு என்னோடதுதான்.

இப்ப மெயின் மேட்டர். மெட்டல் வாசிக்கிறவன் கை என்ன பண்ணும்? உள்ளங்கைய பிரிட்ஜ்ல வச்சு சத்தத்த அமுக்கி (பாம் மியூட்) தடிச்ச கீழ் ஸ்ட்ரிங்ல ஜக் ஜக்னு அடிக்கும். கிட்டார் சிந்துக்கு ஆகவே ஆகாதது அதேதான். கீழ் ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், ஒரு அலை முழுசா முடியவே 12 மில்லிசெகண்ட் ஆகும், பெட்டி ரெண்டு அலையாவது பாத்துட்டுதான் இது என்ன நோட்டுன்னு முடிவு பண்ணும்னு வைங்க, 24 மில்லிசெகண்ட் போயிடும். ஆம்ப எட்டு மீட்டர் தள்ளி வச்சு வாசிச்சா எப்படி லேட்டா கேக்குமோ அப்படி. இதுல மியூட் வேற பண்ணினா அது பாக்கறதுக்குள்ள நோட்டே செத்துடும். விரல் நுனி போன பிளாக் சாபத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி ஸ்ட்ரிங்க லூசாக்கி 1971ல சி ஷார்ப் வரைக்கும் இறக்கினாரு, மெட்டலுக்கு அந்த கனம் வந்ததுல அதுக்கு பெரிய பங்கு, ஆனா அது 69 ஹெர்ட்ஸ், அதாவது இன்னும் லேட். மெட்டல் கீழ இறங்க இறங்க சிந்துக்கு காது மந்தமாகுது. இது இந்த பெட்டியோட குறை இல்ல, பிட்ச் கண்டுபிடிச்சு வேலை செய்யற எல்லா பெட்டிக்கும் இதே கதைதான்.

அந்தக் காலத்துலயும் இந்தத் தலைவலி இருந்துச்சு. 1980ல வந்த ரோலண்ட் ஜிஆர்-300 முழுக்க அனலாக், மிடி (கருவிங்க நோட்ட டிஜிட்டலா பேசிக்கிற மொழி) வந்ததே 1983லதான், அதனாலயோ என்னமோ அதோட ட்ராக்கிங் வேகத்த, அதாவது வாசிக்கிற நோட்ட பிடிக்கிற வேகத்த இன்னைக்கும் புகழ்வாங்க, ஜாஸ் கிட்டாரிஸ்ட் பேட் மெத்தீனி இன்னும் அதக் கைவிடல. 1984ல ஜிஆர்-700 கூட வந்த ஜி-707 கிட்டாரப் பாத்திருக்கீங்களா, நெக் அதிர்ந்து ட்ராக்கிங் குழம்பக்கூடாதுன்னு பாடில இருந்து ஹெட் வரைக்கும் தனியா ஒரு கம்பி போட்டிருப்பாங்க, பாத்தா துணி காயப்போடலாம்னு தோணும்.

சரி, ஜிஆர்-55ல எனக்கு ஏன் இன்னும் ஆசை விடல? இதுல பிசிஎம் சவுண்ட் (ரெக்கார்ட் பண்ணி வச்ச சத்தம், நோட்ட கண்டுபிடிச்சுதான் ஒலிக்கும்) ரெண்டு, அதுக்கு மேல மாடலிங்னு தனியா ஒரு பகுதி. மாடலிங் நோட்ட கண்டுபிடிக்கிற வேலையே பண்ணாது, ஸ்ட்ரிங் சத்தத்தையே நேரா மாத்தும், அதனால லேட்டும் தெரியாது, மியூட்டும் ஒழுங்கா வரும், டியூனிங்க கூட உள்ளயே கீழ இறக்கிக்கலாம். நான் இப்ப ரிஃப்ப மாடலிங்ல டிஸ்டார்ஷனோட ஓட்டிட்டு, பிசிஎம்ல மெதுவா எழும்புற ஸ்ட்ரிங்ஸ் பேட் (வயலின் கூட்டம் மாதிரி நீளமா நிக்கிற சத்தம்) ஒண்ண பின்னாடி கம்மியா வைக்கிறேன். மெதுவா எழும்புற சவுண்டுல லேட்டானா எவனுக்கும் தெரியாது. ஒரு நாள் ராத்திரி சா வேவ் பேட்ச் (ரம்பப் பல் மாதிரி அலை வச்ச சிந்த் சவுண்ட் செட்டிங்) ஒண்ணுல ஃபில்டர பெடல்ல திறந்து எட்டாவது நோட்டா அடிச்சப்ப அந்த எஞ்சின் துடிப்பு வந்துச்சு, நூத்துக்கு நூறு இல்ல, ஆனா முடி சிலிர்த்துச்சு. அண்ணனுக்கு ஃபோன்ல கேக்க வச்சா "கீபோர்டு வாங்கிட்டியா"ங்கறான்.

பியானோ, ஃப்ளூட் பேட்சுக்கெல்லாம் கைய ரொம்ப சுத்தமா வைக்கணும், பக்கத்து ஸ்ட்ரிங்ல விரல் பட்டாலே எங்கிருந்தோ ஒரு நோட்டு எட்டிப் பாக்கும். சின்ன வால்யூம்ல வாசிச்சா நிஜ ஸ்ட்ரிங்கோட டிங் டிங்கும் சேந்து கேட்டு மூட் போயிடும், ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க.

பிக்அப் ஒட்டவே பிடிக்காதுன்னா 2015ல வந்த பாஸ் எஸ்ஒய்-300 பாருங்க, சாதா ஜாக் போதும். 2023ல வந்த ஜிஎம்-800 வேற மாதிரி சீரியல் கேபிள், பழைய 13 பின் பிக்அப்ப அதுல நேரா சொருக முடியாது, நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வேணும். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா கேபிள் ரெண்டு முனையையும் கழட்டி பின்ன எண்ணிப் பாருங்க, ஒரு பின் வளைஞ்சிருந்தாலும் ஒரு ஸ்ட்ரிங் ஊமையாகிடும், நான் அத பாக்காம வாங்கி இன்னொரு கேபிளுக்கு அழுதேன்.