மேல்மாடி மூதாட்டி தந்த ஆல்பமும் சகுரா கேட்டலாக்கும்

தோக்கியோவின் நிஷிகசாயில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாம் தளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி, போன ஆண்டு மழைக்காலத்தில் கதவைத் தட்டிக் கனத்த ஆல்பம் ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே மறைந்த கணவர் சேர்த்த அஞ்சல்தலைகள். "தூக்கிப் போட மனம் வரவில்லை. உங்களுக்கு இதில் ஆர்வம் உண்டென்று தெரியும்" என்றார். ஒவ்வொரு தலைக்கும் கீழே பென்சிலால் ஓர் எண். எண்ணுக்கு முன்னால் சி (C), பி (P), என் (N) என்று ஓர் ஆங்கில எழுத்து.

பள்ளி நாட்களிலிருந்தே அஞ்சல்தலை சேர்ப்பவன் நான். அஞ்சல்தலைகளை எண்ணிட்டுப் பட்டியலிடும் ஸ்காட் கேட்டலாக்கும், ஸ்டான்லி கிப்பன்ஸின் ஜப்பான், கொரியா தொகுதியும் வீட்டில் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் போராடினேன். ஓர் எண்கூடப் பொருந்தவில்லை. ஸ்காட்டில் சி என்றால் விமான அஞ்சல். பெரியவரின் ஆல்பத்திலோ சி 1 என்று எழுதிய இடத்தில், மெய்ஜி பேரரசரின் வெள்ளித் திருமண விழாவுக்காக 1894-இல் வெளிவந்த 2 சென் (அக்காலச் சில்லறைக் காசு) தலை இருந்தது. நாரைகளும் செவ்வந்திப் பூவும் கொண்ட அந்தத் தலைதான் ஜப்பானின் முதல் நினைவுத் தலை. அப்போதுதான் உறைத்தது: அவர் பின்பற்றியது வேறு வரிசை.

அடுத்த சனிக்கிழமை மேஜிரோ ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அஞ்சல்தலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கீழ்த்தளத்திலேயே சேகரிப்பாளர்களுக்கான கடைகள் இருக்கின்றன. அங்கு வாங்கியதுதான் சகுரா கேட்டலாக். 1946-இல் தொடங்கிய ஜப்பான் அஞ்சல்தலைச் சங்கம் ஆண்டுதோறும் பதிப்பைப் புதுப்பித்து வெளியிடும் வண்ணப் புத்தகம் இது. ரயிலில் திரும்பும்போதே பிரித்துப் பார்த்தேன். சி என்பது நினைவுத் தலைகள். பி என்பது 1936-இல் ஃபுஜி, ஹகோனே காட்சிகளோடு தொடங்கிய தேசியப் பூங்காத் தலைகள். என் என்பது புத்தாண்டு வாழ்த்துத் தலைகள். வட்டாரங்களைச் சிறப்பித்து 1989 முதல் வரும் 'ஃபுருசாதோ' தலைகளுக்கு ஆர் (R). அன்றிரவு பெரியவரின் பென்சில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசத் தொடங்கின.

இந்தப் புத்தகத்தை நான் உயர்த்திச் சொல்வதற்கு முதல் காரணம் இந்த வகைப்பிரிப்புதான். வெளிநாட்டுக் கேட்டலாக்குகள் பெரும்பாலும் வெளிவந்த ஆண்டுப்படி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன. நாள்தோறும் கடிதத்தில் ஒட்டிய சாதாரணத் தலையும் விழாத் தலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இங்கே இவர்கள் தங்கள் தலைகளை எப்படிப் பிரித்து நேசிக்கிறார்களோ அப்படியே புத்தகமும் இருக்கிறது. ஆண்டுதோறும் கொண்டாடும் அஞ்சல்தலை வாரத்துக்காக வரும் தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் ஓவியர் ஹிஷிகாவா மொரோனொபுவின் 'திரும்பிப் பார்க்கும் அழகி', 5 யென். மறு ஆண்டு ஹிரோஷிகேயின் 'நிலவும் வாத்துகளும்', 8 யென். இரண்டும் ஐந்தைந்து தலைகள் கொண்ட சிறுதாள்களாக வந்தவை. பிறகு 1955-இல் உதாமாரோ, 1956-இல் ஷராகு. உகியோ-எ ஓவிய மரபின் சிறு கண்காட்சியே கண்முன் விரிகிறது.

விளக்கங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். படமும் முகமதிப்பும் (தலையில் அச்சிட்ட விலை) எண்ணும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பேரரசர் காலத்தை வைத்து எண்ணும் ஜப்பானிய ஆண்டுக்கணக்குக்கு ஒரு சிறு கூட்டல் போதும்: ஷோவா ஆண்டோடு 1925, ஹெய்செய் ஆண்டோடு 1988, ரெய்வா ஆண்டோடு 2018. தலையில் ரோமன் எழுத்தில் 'நிப்பொன்' என்று இருந்தால் அது 1966 அல்லது அதற்குப் பிந்தியது. பதினாறு இதழ்ச் செவ்வந்திச் சின்னம் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துக்கு முந்தியது. விலைப் பகுதியில் 'மிஷியோ' என்றால் பயன்படுத்தாதது, 'ஷியோஸுமி' என்றால் முத்திரை விழுந்தது. இந்த இரண்டு சொற்களின் எழுத்துருவை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

விலைகளை எப்படிப் படிப்பது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1960, 70-களில் இங்கே பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை தலைகளை வாங்கிக் குவித்தார்கள்; அஞ்சல் துறையும் கோடிக்கணக்கில் அச்சிட்டது. அந்தக் காலத்து நினைவுத் தலைகளைக் கடையில் முகமதிப்புக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் உள்ள தொகை விற்றால் கிடைக்கும் பணம் அன்று; எது அரிது, எது எளிதில் கிடைப்பது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் என்று கொள்ளுங்கள்.

மெய்ஜி காலத்துத் தொடக்கத் தலைகளில் இறங்குகிறவர்களுக்கு இந்த ஒரு புத்தகம் போதாது. 1871-இல் வந்த முதல் தலைகளான டிராகன் தலைகளைத் தாளுக்கு நாற்பதாகச் செப்புத் தகட்டில் ஒவ்வொன்றையும் கையாலேயே செதுக்கினார்கள். அதனால் நாற்பதும் நாற்பது விதம். அடுத்து வந்த சகுரா (செர்ரிப் பூ) தலைகளில் பலவற்றில், தகட்டைக் குறிக்க ஒரே ஒரு கானா எழுத்து (ஜப்பானிய அசையெழுத்து) பொடியாக இருக்கும். அந்த எழுத்து மாறினால் மதிப்பு எங்கேயோ போய்விடும். இவற்றுக்கு அதே சங்கம் வெளியிட்ட சிறப்புக் கேட்டலாக் வேண்டும், நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய சகுராத் தலை, கேட்டலாக் படத்தோடு அச்சாகப் பொருந்தியது. மேஜிரோவில் ஒரு மூத்த சேகரிப்பாளர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, வடிவத்துக்குள் மறைந்திருந்த 'சான்கோ' என்னும் இரண்டு எழுத்துகளைக் காட்டினார். மாதிரிக்கென்று செய்த போலி. எனக்கு அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. படத்தை மட்டும் நம்பிப் பழைய தலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆண்டுதோறும் புதிய பதிப்பு வாங்க வேண்டியதில்லை. பழைய தலைகளை மட்டும் சேர்ப்பவருக்கு நான்கைந்து ஆண்டு முந்தைய பழைய பிரதியே போதும். பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். புதிய வெளியீடுகளைத் தொடர்கிறவர் மட்டும் புதியதை வாங்கலாம்.

ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. கீழே பென்சில் எண் மட்டும். சகுராவில் தேடினேன்: 'திரும்பிப் பார்க்கும் அழகி'. கொஞ்சம் பணம் சேர்த்து, முத்திரை விழாத ஒற்றைத் தலையாகப் போன மாதம் வாங்கி அந்த இடத்தில் வைத்து, ஆல்பத்தை ஏழாம் தளத்துக்கு எடுத்துப் போனேன். அந்தப் பக்கத்தை மூதாட்டி வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார். பிறகு தேநீர் வைக்க எழுந்தார்.