மூலக்கூறு மாதிரிப் பெட்டி: பந்துகள் சரி, கையேடு தவறு

பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கும் என் மகளுக்காக, பந்துகளையும் குச்சிகளையும் இணைத்து மூலக்கூறுகளைக் கட்டிப் பார்க்கும் மாதிரிப் பெட்டி ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கினேன். மீத்தேன் எந்தப் பெட்டியிலும் அழகாக வந்துவிடும் என்பதால், நான் முதலில் கட்டிப் பார்த்தது அம்மோனியாவை.

அந்தச் சோதனையில் பந்துகள் நன்றாகவே தேறின. நீல நிற நைட்ரஜன் பந்தில் நான்கு துளைகள் உள்ளன. மூன்றில் வெள்ளை ஹைட்ரஜன்களைப் பொருத்தியபின், நான்காவதில் தனித்த இரட்டை எலக்ட்ரான்களை, அதாவது எந்தப் பிணைப்பிலும் சேராத இரண்டு எலக்ட்ரான்களைக் குறிக்கும் இலை வடிவத் துண்டு ஒன்றைச் செருக வேண்டும். மலிவான பெட்டிகளில் இத்துண்டு இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் அம்மோனியா ஏன் தட்டையாக இல்லாமல் பிரமிடு போல நிற்கிறது என்பது மாணவருக்குப் புரியவே புரியாது. துளைகள் 109.5 பாகைக் கோணத்தில் அமைந்துள்ளன. உண்மையில், தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் பிணைப்புகளைத் தள்ளுவதால் அக்கோணம் ஏறத்தாழ 107 பாகைக்குக் குறைகிறது. பிளாஸ்டிக் பந்தில் இந்தச் சிறு வேறுபாட்டை நான் குறையாகக் கருதவில்லை.

குறை கையேட்டில் இருக்கிறது. அதன் அட்டவணை அம்மோனியாவை அயனிச் சேர்மங்களோடு, அதாவது மின்சுமையுள்ள அயனிகளால் ஆன பொருள்களோடு சேர்த்துவிட்டு, அதன் நீர்க்கரைசல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று காரணமும் கூறுகிறது. அம்மோனியா, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்புச் சேர்மம். நைட்ரஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.04, ஹைட்ரஜனுடையது 2.20, இந்த வேறுபாடு பிணைப்பைச் சற்று முனைவுள்ளதாக்கும், ஆனால் எலக்ட்ரானை ஓர் அணுவிடமிருந்து முழுவதுமாகப் பறித்து மற்றதற்குக் கொடுக்கப் போதாது. மைனஸ் 33 பாகை செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும் ஒரு பொருளை, உருகவே 801 பாகை தேவைப்படும் சாதாரண உப்போடு ஒரே வரிசையில் வைப்பதற்குமுன் கையேட்டை எழுதியவர் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். கரைசலில் உள்ள அயனிகளோ, அம்மோனியா நீரோடு வினைபுரிந்து அதிலிருந்து ஒரு புரோட்டானை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனைப் பெறும்போது புதிதாக உண்டாகுபவை. முன்பே அதற்குள் இருந்து பிரிந்து வந்தவை அல்ல. அதுவும் ஒரு மோலார் கரைசலில் ஆயிரம் மூலக்கூறுகளுக்கு நான்கு என்ற அளவில்தான் இவ்வாறு மாறுகின்றன.

குழப்பம் அம்மோனியம் என்ற பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பயன்படுத்தும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, அயனிச் சேர்மம்தான். இதை விளக்கப் பெட்டி மிகவும் உதவுகிறது: இலைத் துண்டைக் கழற்றிவிட்டு அதே துளையில் நான்காவது ஹைட்ரஜனைப் பொருத்தினால் அம்மோனியம் அயனி கிடைத்துவிடுகிறது, இரு எலக்ட்ரான்களையும் ஓர் அணுவே தரும் ஈதல் சகப்பிணைப்பு என்பது என்னவென்று கையாலேயே தெரிகிறது. அமைந்த பிறகு நான்கு பிணைப்புகளும் ஒரே தன்மையுடையவை. கோணமும் இப்போது சரியாக 109.5 பாகை. ஆனால் கையேட்டுப் படம் பச்சை நிறக் குளோரின் பந்தையும் ஒரு குச்சியால் இதனோடு இணைத்துவிடுகிறது. குச்சி என்பது பங்கிட்ட எலக்ட்ரான்களைக் குறிக்கும் பெட்டியில், குளோரைடு அயனி எதனோடும் ஒட்டாமல் தனியே இருக்க வேண்டும். அம்மோனியாவை அயனிச் சேர்மம் என்றவர்கள், உண்மையான அயனிப்பிணைப்பைச் சகப்பிணைப்பாக வரைந்திருக்கிறார்கள்.

எந்தப் பிளாஸ்டிக் மாதிரியாலும் காட்ட முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மோனியா மூலக்கூறு, காற்றில் குடை மடங்குவதுபோல, நொடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி முறை உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது; நுண்ணலைகளைப் பெருக்கும் கருவியான மேசரில், 1954-இல் உருவாக்கப்பட்ட முதல் கருவி இந்த அசைவைத்தான் பயன்படுத்தியது.

குச்சிகள் இறுக்கமாக உள்ளன, பந்துகளின் நிறம் மங்கவில்லை, கூடுதல் ஹைட்ரஜன்களும் போதுமான அளவு இருக்கின்றன. பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். கையேட்டின் அட்டவணைப் பக்கத்தில் நான் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டே என் மகள் இப்போது மூலக்கூறுகளைக் கட்டுகிறாள்.