மணிக்கட்டு முறிவைச் ‘சுளுக்கு’ என்று சொல்லிப் பணம் பறிக்கும் இடங்களிடம் எச்சரிக்கை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். வலது கையில் சாமணம் பிடித்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கையின் எலும்பு உடைந்திருந்ததை இரண்டரை மாதம் ‘ஜவ்வு விலகல்’ என்று சொல்லியே பணம் வாங்கிக்கொண்ட ஓரிடத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடந்த ஐப்பசி மழையில், ஏற்காட்டிலிருந்து மைத்துனரோடு இறங்கி வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பத்திரமாகக் கடந்து அடிவாரம் தாண்டிய பிறகு, மணல் அரித்துவந்து படிந்திருந்த ஈரச் சாலையில் வண்டி சறுக்கியது. வேகம் ஒன்றும் இல்லை. வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் குறைவாகத்தான் இருந்தது, விரல்களையும் மடக்கி நீட்ட முடிந்தது. “விரல் அசையுது மாமா, எலும்பு உடைஞ்சிருக்காது” என்று மைத்துனர் சொன்னதை நானும் நம்பினேன். எலும்பு உடைந்தால் விரல் அசையாது என்ற அந்த எண்ணமே தவறு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் நகருக்குள் உள்ள ஒரு தனியார் எலும்புச் சிகிச்சை மையத்துக்குப் போனேன். இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை விளக்கில் ஒரு நொடி தூக்கிப் பார்த்தவர், என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எலும்பில் ஒன்றுமில்லை, ஜவ்வுதான் விலகியிருக்கிறது என்றார். நீட்டுத்துணிக் கட்டுப் போட்டு, ‘லேசர்’ வைத்தியம் பத்து முறை எடுக்க வேண்டும் என்று சொல்லி 6,500 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். மாத்திரைகளையும் அவர்களுடைய கடையிலேயே வாங்கச் சொன்னார்கள். பத்து முறையும் முடிந்தது. கட்டைவிரல் பக்கத்து வலி மட்டும் போகவில்லை. மறுபடியும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்று நானே கேட்டபோது, அதற்கு அவசியமில்லை, இன்னும் ஐந்து முறை லேசர் வையுங்கள் என்றுதான் பதில் வந்தது.

தை மாதத்தில் சாமணம் கையிலிருந்து நழுவி விழத் தொடங்கிய பிறகே, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த எலும்பு மருத்துவர் படம் எடுக்கச் சொல்லும் முன்பாகவே என் கட்டைவிரலை மேலே நிமிர்த்தச் சொன்னார். அதன் அடியில், மணிக்கட்டையொட்டி விழும் குழியில் தன் விரலால் அழுத்தினார். உயிர் போகிற வலி. கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துவைத்து எடுத்த படத்தில், முந்திரிப் பருப்புப் போன்ற ஒரு சிறிய எலும்பு இரண்டாகப் பிரிந்து நின்றது தெளிவாகத் தெரிந்தது.

மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்றான அதற்கு ஸ்கேஃபாய்ட் என்று பெயராம். உள்ளங்கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி உடைவது இதுதான் என்றும், முதல் நாள் படத்தில் கீறல் தெரியாமல் போவது உண்டு என்றும் அவர் விளக்கினார். ஆகவே அந்தக் குழியில் வலி இருந்தால், படம் எப்படியிருந்தாலும் மாவுக்கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கித்தான் ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றி அழிந்துபோகக்கூடும். முதலிலேயே அசையாமல் கட்டியிருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் கூடியிருக்க வாய்ப்பிருந்த எலும்புக்கு, இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்துவைத்துத் திருகாணி போட வேண்டியதாயிற்று.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அறுவைச் சிகிச்சைக்குச் செலவு ஆகவில்லை. ஆனால் கட்டைவிரலையும் சேர்த்துப் போட்ட கட்டோடு மூன்று மாதம் பட்டறைக்குப் போகாமல் இருந்தேன். கட்டுப் பிரித்த அன்று கை காய்ந்த குச்சிபோல் மெலிந்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, வீட்டில் சப்பாத்தி மாவைப் பிசைந்து பிசைந்துதான் பிடிப்பு மெல்லத் திரும்பியது. இப்போது சாமணம் நிற்கிறது. ஆனால் தரையில் கையூன்றி எழ இன்னும் முடியவில்லை.

தவறிப்போகக்கூடிய முறிவு இது என்பதால் முதல் நாள் படத்தில் தெரியாததை நான் குற்றம் சொல்லவில்லை. கையைத் தொட்டுப் பார்க்காததும், நானே கேட்டும் மறுபடம் மறுத்ததும், வலி குறையக் குறைய அல்ல, காசு தீரத் தீர வைத்தியம் சொன்னதும்தான் என்னால் பொறுக்க முடியாதவை. அவர்கள் தந்த சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தால், அதில் மருத்துவரின் பதிவு எண்ணே இல்லை. மருந்துச் சீட்டிலும் பண ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதி. இந்த ஒன்றை முதல் நாளே பார்த்திருந்தால் நான் அங்கே பணம் கட்டியிருக்க மாட்டேன். எக்ஸ்ரே படத்தையும் கையோடு வாங்கி வராமல் விட்டேன். பிறகு போய்க் கேட்டபோது கிடைக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், முதல் படியாகப் படத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை வந்து பதினோரு நாள் ஆகிறது. படம் இன்னும் வரவில்லை.