சின்க்திங்: சேவர் இல்லாம ரெண்டு கடை

கிளிநொச்சியில ஸ்டூடியோ, புதுக்குடியிருப்பில அதின்ர கிளை, கலியாணம் சாமத்தியவீடு சீசன் எண்டா ரெண்டு பக்கமும் அல்பம் டிசைன் ஓடும். முந்தி பென்டிரைவை பஸ்ஸில குடுத்துவிடுறதுதான் எங்கட நெற்வேர்க். இப்ப சின்க்திங் பாவிக்கிறம், ரெண்டு இடத்து கொம்பியூட்டரிலயும் ஒரு ஃபோல்டரை ஒரே மாதிரி வைச்சிருக்கிற மென்பொருள், ஓப்பன் சோர்ஸ், காசு இல்லை.

நடுவில பைல் வைச்சிருக்கிற சேவர் எண்டு ஒண்டும் இல்லை, எல்லா கொம்பியூட்டரும் சமம். அங்கால கரண்ட் போனாலும் இஞ்ச வேலை நிக்காது, லைன் வந்தோடன மிச்சத்தை அனுப்பும், பைலை துண்டு துண்டா பிரிச்சு அனுப்புறபடியா பாதியில நிண்டதை திரும்ப முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்லை. ஆனா பைல் போய்ச்சேர ரெண்டு மிஷினும் ஒரே நேரம் ஓடிக்கொண்டிருக்கோணும், அதால பழைய லப்டொப் ஒண்டை எப்பவும் ஓடவிடுறது நல்லம்.

சரி, லைன் இல்லாத நேரம் ரெண்டு பேரும் ஒரே பைலில கை வைச்சா? 2000இல கணினி அறிஞர் எரிக் புரூவர் சொல்லி 2002இல கில்பேட்டும் லிஞ்சும் நிரூபிச்ச கேப் தியரம் இதைத்தான் சொல்லுது, தொடர்பு அறுந்தா ஒண்டில் வேலையை நிப்பாட்டோணும், இல்லாட்டி ரெண்டு பக்கமும் வேற வேறயா கிடக்கிறதை பொறுத்துக்கொள்ளோணும். சின்க்திங் ரெண்டாவது கட்சி. ஆர் ஆற்ற திருத்தத்தைப் பாத்திட்டு திருத்தினது எண்டதை மணிக்கூட்டை நம்பாம, வேர்ஷன் வெக்டர் எண்டு மிஷினுக்கு மிஷின் எண்ணிக்கை வைச்சு கண்டுபிடிக்கும். இது நல்ல வேலை. மோதினா ஒண்டையும் அழிக்காம, பழைய நேரம் உள்ளதை சின்க்-கொன்ஃப்ளிக்ட் எண்டு பேர் போட்டு ஒதுக்கும். இதில மட்டும் பைலின்ர நேரத்தைப் பாக்குது, அப்ப உள்ளுக்குள்ள மணிக்கூட்டுப் பற்றரி செத்து 2010 எண்டு காட்டுற கொம்பியூட்டர் எப்பவும் தோக்கும்தானே, நேரத்தை சரியா வையுங்கோ.

எங்கட ஒழுங்கு என்னெண்டா ஒரு கலியாண ஃபோல்டரில ஒரு கடைதான் எழுதலாம், மற்றதுக்கு ரிசீவ் ஒன்லி, அதாவது வாங்க மட்டும். பில் கணக்கு, டேட்டாபேஸ் ஒண்டையும் இதில போட்டிடாதேங்கோ, அதுகளுக்கு இண்டைய மீதி எவ்வளவு எண்டதுக்கு ஒரே பதில்தான் இருக்கோணும், இது அதுக்கு செய்த சாமான் இல்லை.

பக்கப் எண்டும் நினைக்காதேங்கோ, ஒரு பக்கம் டிலீட் எண்டா மற்றப் பக்கமும் டிலீட். பழைய பிரதியை எடுத்து வைக்கிற வேர்ஷனிங் எண்டதைப் போட்டுவிடலாம், ஆனா அது மற்ற ஆள் அழிச்சதைத்தான் உங்கட மிஷினில காப்பாத்தும், நீங்களே அழிச்சதை இல்லை.

ஃபோனுக்கு எண்டால், அதிகாரபூர்வ அன்ட்ராய்ட் ஆப் 2024 டிசம்பரோட நிண்டிட்டுது, வேற ஆக்கள் செய்யிற பதிப்பைத்தான் தேடோணும். மார்க் கேட்டா 10க்கு 8.