ஏஎம்டி கார்: கியர்பாக்ஸைத் திட்டுவதற்கு முன் பம்ப் சத்தத்தைக் கேளுங்கள்

வாரண்டி முடிந்த ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் வண்டியே பார்த்துக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்) ஹேட்ச்பேக் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்கிறார். மைலேஜ், விலை, டிராஃபிக்கில் இடது காலுக்குக் கிடைக்கும் ஓய்வு எல்லாம் அவருக்கே தெரியும். தெரியாதது ஒன்றுதான். இந்த வண்டி நடுரோட்டில் நின்று, டேஷ்போர்டில் நியூட்ரலைக் குறிக்கும் ‘என்’ எழுத்து கண்சிமிட்டும் நாளில், பத்தில் எட்டு மெக்கானிக்குகள் "கியர்பாக்ஸ் போச்சு சார், கிட்டையே மாத்தணும்" (கிளட்சையும் கியரையும் இயக்கும் பாகங்களின் முழுத் தொகுப்பு) என்பார்கள். அது பெரும்பாலும் தப்பு. தப்பு என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் இந்த வண்டியின் பெரிய ஆறுதல்.

உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண உலர் கிளட்ச். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் கிடையாது, அதற்கான ஏடிஎஃப் ஆயிலும் கிடையாது. கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் (கை கால்களுக்குப் பதிலாகத் தள்ளும் கருவி) செய்கிறது. 1989-ல் பிரேசிலில் மான்செல் ஓட்டி ஜெயித்த ஃபெராரி 640 ஃபார்முலா 1 காரிலும் அடிப்படை இதேதான். 2014-ல் நம்மூர் மலிவு விலைக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. ஃபெராரி வேகம் மட்டும் கூட வரவில்லை. சில மாடல்களில் எண்ணெய்க்குப் பதில் மின் மோட்டாரே நேரடியாகத் தள்ளும். கீழே பம்ப், எண்ணெய் பற்றி எழுதியிருப்பது ஹைட்ராலிக் வகைக்கு மட்டும்.

டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கம் ‘விர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். புது ஓனர்கள் பயப்படுவது இதற்குத்தான், பயப்பட வேண்டாம். பம்ப் ஓடி அக்யுமுலேட்டரில் அழுத்தத்தை ஏற்றுகிறது. அக்யுமுலேட்டர் என்பது ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய், நடுவில் சவ்வு வைத்த உருண்டை. 40 - 50 பார் அளவு அழுத்தம் அதில் தங்கியிருக்கும். ஒவ்வொரு கியர் மாற்றமும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பம்ப் சில விநாடிகள் ஓடுவது இயல்பு.

இந்தச் சத்தம் ஒரு இலவச ஸ்கேனர். இடம் அமைதியாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், இன்ஜின் வேண்டாம். லீவர் ‘என்’-இல் இருக்கட்டும். எதையும் தொடாமல் காது கொடுங்கள். பம்ப் ஒருமுறை ஓடி நின்று, பிறகு அமைதியாக இருந்தால் நல்லது. யாரும் எதையும் தொடாமலே அது திரும்பத் திரும்ப ஓடினால் வால்வு வழியாகவோ சீல் வழியாகவோ அழுத்தம் கசிகிறது. அடுத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘என்’, ‘டி’, ‘என்’, ‘ஆர்’ என்று நிதானமாக மாற்றுங்கள். இரண்டு மூன்று மாற்றத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் சரி. சும்மா இருக்கும்போது அமைதியாகவும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே ‘விர்ர்’ என்றும் இருந்தால் அக்யுமுலேட்டரில் வாயு போய்விட்டது என்று முதல் சந்தேகம். எண்ணெயைச் சேமித்து வைக்க இடமில்லாமல் பம்ப் நேரடியாக வேலை செய்கிறது. அப்படியே விட்டால் அடுத்துப் போவது பம்ப் மோட்டார். உருண்டை தனியாகக் கிடைக்கும் மாடலில் அதை மட்டும் மாற்றலாம். கிட் முழுக்க மாற்றச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பம்ப் நிற்கவே நிற்காமல் ஓடுகிறதா? ரிலே (பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாவியை அணைத்தும் ஓடினால் ரிலேயை உடனே பிடுங்குங்கள், இல்லையென்றால் மோட்டார் வெந்துவிடும். அதே பாகத்தின் எண் அச்சடித்த வேறு ரிலே ஃபியூஸ் பாக்ஸில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். எண் வேறு என்றால் உருவம் ஒன்றாக இருந்தாலும் தொடாதீர்கள். பம்ப் ஓடவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் கனெக்டர் என்ற வரிசையில் போங்கள்.

அதற்கும் முன்னால் பேட்டரி. மேனுவல் காரில் பேட்டரி பலவீனமானால் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவோம். ஏஎம்டியில் பம்ப், வால்வுகள், சென்சார்கள் எல்லாமே வோல்டேஜை நம்பி இருப்பதால், சோர்ந்த பேட்டரி கியர்பாக்ஸ் கோளாறு மாதிரியே நடிக்கும். நம்மூர் வெயிலில் இது அடிக்கடி நடப்பது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 நல்லது, 12.2 என்றால் பாதி சார்ஜ். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். அடுத்து எர்த். கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் கம்பத்திலும், சிவப்பு முனையைக் கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை, 0.5 வந்தால் எர்த் வயரின் நுனியைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிப் போடுங்கள். அரைத்தாள் உப்புத்தாளில் சரியாகிற கோளாறுக்கு ஆயிரக்கணக்கில் எஸ்டிமேட் எழுதுபவர்கள் உண்டு.

‘டி’-க்குத் தள்ளினாலும் ‘என்’-லேயே நிற்கிறது, அல்லது ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் பின்னால் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக் மிதித்தது தெரியாமல் கியர் கம்ப்யூட்டர் எதையும் செய்யாது. லைட் எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச். அது சின்னது, மலிவானது.

ஹைட்ராலிக் எண்ணெய் தனி டேங்கில் இருக்கும். கியர் ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. அழுத்தம் ஏறியிருக்கும்போது எண்ணெயில் ஒரு பகுதி அக்யுமுலேட்டருக்குள் இருக்கும், இறங்கியதும் டேங்குக்குத் திரும்பி மட்டம் உயரும். எந்த நிலையில் மட்டம் பார்க்க வேண்டும் என்று உங்கள் மாடலின் மேனுவல் சொல்வதைப் பார்க்காமல் ‘மேக்ஸ்’ வரை ஊற்றினால் பிறகு வழிந்துதான் ஓடும். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. சீல்கள் உப்பிக் கெடும். பைப்பைக் கழற்றுவதாக இருந்தால் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, சாவி ஆன் நிலையில் கியர் விழாமல் போகும்வரை லீவரை மாற்றி அழுத்தத்தைத் தீர்த்துவிட்டே கை வையுங்கள். கண்ணாடி அணியுங்கள். 50 பார் எண்ணெய் தோலைத் துளைக்கும்.

ஸ்கேனரை மாட்டினால் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்களான ஓபிடி கோடுகளில் (code) சிலவற்றை நினைவில் வைக்கலாம். பி0944 அழுத்த இழப்பு, பி0945 பம்ப் ரிலே சர்க்யூட், பி0932 அழுத்த சென்சார் சர்க்யூட், பி0810 கிளட்ச் நிலைக் கட்டுப்பாட்டுக் கோளாறு, பி0571 பிரேக் சுவிட்ச், பி0562 வோல்டேஜ் குறைவு. பி0562-ம் வேறு நான்கும் சேர்ந்து வந்தால் முதலில் பேட்டரியைச் சரிசெய்து, கோடுகளை அழித்து, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். சில நூறு ரூபாய் புளூடூத் டாங்கிள் பெரும்பாலும் பி0700-ஐக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கியர் கம்ப்யூட்டரில் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். கிளட்ச் தேயும், தேய்வது குற்றமில்லை. சமதளத்தில் மேனுவல் மோடில் நாலாவது கியரில் 40-இல் போய் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் முதலில் பாய்ந்து வேகம் பின்னால் நொண்டினால் கிளட்ச் முடிந்தது. ஈரமான காலையில் முதல் சில நிமிடம் மட்டும் நடுங்கினால் பொறுக்கலாம், வண்டி சூடான பிறகும் நடுங்கினால் பொறுக்க வேண்டாம். மேனுவல் மாதிரியே கியர்பாக்ஸை இறக்கி, பிளேட், கவர், பேரிங் மாற்றத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் மாற்றிய பிறகு, புது கிளட்ச் எங்கே கடிக்கிறது, எங்கே முழுதாகச் சேர்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர வேண்டும். ரீலேர்ன் என்கிற அந்த ஒரு வேலை, அந்த மாடலுக்கு ஆணை அனுப்பத் தெரிந்த ஸ்கேனர் இல்லாமல் நடக்காது. பேட்டரி வயரைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் போதும் என்பது கட்டுக்கதை. ரீலேர்ன் செய்யாத வண்டி உதறும், முதல் கியர் விழாது, பி0810 எரியும். உடனே பழி நல்ல கியர்பாக்ஸ் மேல் விழும். காசு கொடுத்து வாங்கிய என் வண்டியில், கிடைக்கிற பாகத்தை, தெரிந்த ஆளை வைத்து மாற்றிவிட்டு, சில நிமிட வேலைக்கு இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். வடிவமைத்தவர்களுக்குக் காரணம் இருக்கலாம். லீவரை வைத்தே செய்துகொள்ள ஒரு வழி விட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஆகவே கியர்பாக்ஸை இறக்கும் முன்பே கேளுங்கள்: "இந்த மாடலுக்கு ரீலேர்ன் செய்யும் ஸ்கேனர் உங்களிடம் இருக்கிறதா? காட்டுங்கள்." ரீலேர்ன் நடக்கும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.

கிளட்ச் சீக்கிரம் தேய ஓட்டுபவரும் காரணம்தான், நியாயமாகச் சொன்னால். கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துபவருக்கு எந்தக் கிளட்சும் தாங்காது. பிரேக்கில் நிறுத்துங்கள், முன்னால் இடைவெளி விட்டு ஒரே மூச்சில் நகருங்கள், நீண்ட சிக்னலில் ‘என்’. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளானாலும் கொல்லிமலையின் 70 ஆனாலும் மேனுவல் மோடில் இரண்டாவது கியரைப் பிடித்து ஏறுங்கள். அங்கே இந்த வண்டி நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

நண்பருக்குப் பதில்: வேண்டாம். நீங்கள் தினமும் நெரிசலில் ஊர்பவர், பக்கத்தில் ஸ்கேனர் உள்ள ஆள் இல்லாதவர், கூடுதல் காசு போட்டு டார்க் கன்வர்ட்டர் வண்டியே எடுங்கள். என் வண்டியை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், விற்க மாட்டேன். இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்து பம்ப்பைக் கேளுங்கள், மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள், கிளட்ச் மாற்றியிருந்தால் ரீலேர்ன் செய்ததற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.