ஒரே டெண்டர், ஆண்டு முழுக்கப் பராமரிப்பு: வாங்கலாமா?

அரசுக் கல்லூரி ஒன்றின் கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பெல்லாம் கழிப்பறைக் குழாய் மாற்றக்கூட எஸ்டிமேட், டெண்டர், ஒப்புதல் என்று தனிக் கோப்பு ஓட வேண்டும். ஒழுகும் கூரைக்கு அனுமதி வருவதற்குள் அடுத்த மழையே வந்துவிடும். இப்போது ஜாப் ஆர்டர் கான்ட்ராக்டிங் முறைக்கு, அதாவது ஒரே ஒப்பந்தத்தின் கீழ் பழுது வேலைகளைத் தேவைப்படும்போதெல்லாம் செய்துவாங்கும் முறைக்கு, மாறியிருக்கிறோம். 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியத்திலுள்ள நேட்டோ ராணுவத் தலைமையகத்தில் ஹாரி மெல்லன் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் தொடங்கிவைத்தது; அப்புறம் பள்ளி, கல்லூரிகளுக்கும் வந்தது.

டெண்டர் ஒரு முறைதான். பூச்சு, தளவோடு, குழாய், ஒயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் அலகு விலைப் பட்டியல் முன்பே இருக்கும். அதை எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் ஒப்பந்ததாரர்களுக்குள் போட்டி. 0.95 என்றால் பட்டியல் விலையில் 5 சதவீதம் குறைவு, 1.10 என்றால் 10 சதவீதம் கூடுதல். இரவு, விடுமுறை வேலைக்குத் தனி எண் கேட்டு வாங்கலாம். தேர்வு நடக்கும்போது பக்கத்து அறையில் சுவரை உடைக்க முடியாதே, கட்டாயம் கேளுங்கள்.

வேதியியல் ஆய்வகத்துக்கு மேலே மொட்டைமாடி கசிந்தது. சொன்ன வாரத்திலேயே ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வந்தார். இருவரும் மேலே ஏறிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு விண்டு, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. வடிகுழாய் வாயைச் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி நின்றது. மதிப்பீடு வரிவரியாக வந்தது: பழைய பூச்சை உடைத்தெடுக்க, மூலையைச் சாய்வாகப் பூச, நீர்த்தடுப்பு இரண்டு கோட்டு, இடிபாட்டை இறக்கி அகற்ற. விலையெல்லாம் பட்டியல்படி சரி. ஆனால் பரப்பளவில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடையும் சேர்ந்திருந்தது! டேப்பைப் பிடித்து அளந்து காட்டியதும் மறுபேச்சில்லாமல் கழித்துவிட்டார். வேலை சுத்தம், அடுத்து அடித்த மழையில் ஆய்வகக் கூரை காய்ந்தே இருந்தது.

விலையில் யாரும் விளையாட முடியாது, அளவில் விளையாடலாம். கல்லூரி தரப்பில் ஏறி அளக்க ஆள் இல்லையென்றால் இந்த முறையை வாங்காதீர்கள். மிச்சமாகும் நேரத்துக்கு ஈடாகப் பணம் போய்விடும்.

பட்டியலில் இல்லாத வேலைக்குத் தனியாக விலை பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பழைய மரச்சன்னல்கள் அப்படித்தான் இழுத்துக்கொண்டே போகின்றன. கட்டடம் பழையது என்றால் இவற்றைக் கையெழுத்துக்கு முன்பே பட்டியலில் ஏற்றிவிடுங்கள். புதுக் கட்டடம் கட்ட இது சரிவராது, அதற்குத் தனி டெண்டர்தான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்றே எழுதிக்கொடுத்திருக்கிறேன். கூடவே, அளவு சரிபார்க்க மட்டும் ஓர் ஓவர்சீயர் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.