சுனௌலி எல்லையில் வண்டிக் காகிதங்களை இடைத்தரகரிடம் கொடுக்காதீர்கள்

2023 ஆயுத பூசை விடுமுறையில் லக்னோவிலிருந்து எங்கள் சொந்தக் காரில் நேபாளத்தின் லும்பினிக்கும் பொக்கராவுக்கும் சென்று வந்தோம். பயணத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. இங்கே எழுதுவது இரு நாடுகளுக்கும் இடையிலான சுனௌலி எல்லையில் நாங்கள் ஏமாந்த விதத்தைப் பற்றி மட்டுமே.

கோரக்பூரைத் தாண்டி நௌதன்வாவை நெருங்கியபோது, கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஒருவர் சாலையோர மேசையிலிருந்து எழுந்து வந்து கை காட்டினார். இந்திய வண்டி நேபாளத்துக்குள் செல்ல 'பன்சார்' எனப்படும் சுங்கச் சீட்டு வேண்டும், தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வரி கட்ட வேண்டும், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு அங்கே தடை இருக்கிறது என்று அவர் சொன்னவை அனைத்தும் அன்றைய நிலவரப்படி உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஏமாற்றியதால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. தசைன் பண்டிகைக்கு ஊர் திரும்பும் நேபாளிகளின் கூட்டத்தைக் காட்டி, வரிசையில் நின்றால் மாலையாகிவிடும் என்றார். வண்டியின் பதிவுச் சான்றையும் என் ஓட்டுநர் உரிமத்தையும், ஐந்து நாள் கட்டணம் என்று அவர் கேட்ட 4,500 இந்திய ரூபாயையும் கொடுத்தேன். கையிலிருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை அவருடைய ஆளிடமே மாற்றினேன். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதமாக இருக்க, அவர் 1.45தான் கொடுத்தார். அதைக் கவனித்தும் பேசாமல் இருந்தது என் சோம்பல்.

ஒரு மணி நேரத்தில் சீட்டு வந்தது. நேபாள அரசுக் காகிதங்களில் தேதி அந்நாட்டு நாள்காட்டியான விக்ரம் ஆண்டுக் கணக்கில், இந்தி எழுதப்படும் நாகரி எழுத்தின் இலக்கங்களில் இருக்கும். முடிவு நாள் 2080-07-05 என்றிருந்தது. லக்னோவில் வசித்து நாகரி எழுத்தைப் படிக்கக் கற்றவன் என்ற பெருமையோடு, கடைசியில் இருந்த ஐந்தைப் பார்த்து அதை ஐந்து நாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 25 அன்று திரும்பும் வழியில், புட்வலில் எங்களை நிறுத்திய போக்குவரத்துக் காவலர் தம் கைப்பேசியில் நேபாள நாள்காட்டியைத் திறந்து காட்டிய பிறகே விளங்கியது. ஏழாம் மாதமான கார்த்திக்கின் ஐந்தாம் நாள் என்பது அக்டோபர் 22. நாங்கள் நுழைந்த 21ஆம் தேதியையும் சேர்த்து இரண்டே நாளுக்குத்தான் வரி கட்டப்பட்டிருந்தது. ரசீதில் இருந்த தொகையோ நாங்கள் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. எல்லையில் உள்ள சுங்க அலுவலகத்தில் விடுபட்ட மூன்று நாள் வரியையும் அபராதத்தையும் கட்டிய பிறகே வண்டி வெளியே வந்தது. அலுவலர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். சீட்டு என் பெயரில் இருக்கும்போது அவர்கள்தான் என்ன செய்வார்கள்? தரகர் கொடுத்திருந்த எண்ணுக்கு மறுமொழி இல்லை, அவருடைய மேசையும் காலியாக இருந்தது.

அன்று நானே வரிசையில் நின்று பணம் கட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. காரில் போகிறவர்கள் நேபாளப் பக்கத்துச் சுங்க அலுவலகத்துக்குத் தாங்களே செல்லுங்கள். சீட்டு கைக்கு வந்ததும், சாளரத்தை விட்டு நகருமுன், முடிவு நாள் நம் நாள்காட்டியில் எந்தத் தேதி என்று கேட்டு அதைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும் நாள் உறுதியில்லை என்றால் ஒரு நாள் கூட்டியே கட்டுங்கள்.